கோலுக்கு ஒரு மூச்சு பின்னால்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு உல்ரிக்கே கச்சேரி மண்டபத்தின் பின்வாசல் படியேறியபோது, அவள் அண்ணன் லோதார் மேல்படியில் நின்று ஹார்ன் வாத்தியத்தைக் கவிழ்த்து, ஊதி ஊதி உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நகரவில்லை. தண்ணீர் அவள் காலணிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. குறி தவறியதா, குறியே வைக்கவில்லையா என்பது அவனுக்கே வெளிச்சம்.

“வந்துட்டியே! இந்தத் தடவை தேதி மறக்கல போல?”

“வழி விடு, லோதார்.”

“உத்தரவெல்லாம் பதவி கிடைச்சப்புறம் போடு. மத்தியானம் வரைக்கும் நீ விருந்தாளிதான்.”

“விருந்தாளின்னா வாசல்லயே நிக்க வெப்பியா?”

“எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? இல்ல, வீடே மறந்து போச்சா?”

அவன் ஒதுங்கினான். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும்.

அந்தத் ‘தேதி’ என்ன என்பது வாராவாரம் இந்தக் குடும்பத்தின் சண்டையை விலக்கிவிட நினைத்துத் தோற்றுப்போகும் வாசகர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்லோவில் ஒரு பெரிய இசைக்குழு நடத்துநர் கச்சேரிக்கு முதல் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக, அதுவரை யாரும் பெயர் கேள்விப்படாத உல்ரிக்கே ஹென்செல் தாளம் காட்டும் கோலை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது. அவளுடைய தொழில் அன்றைக்குத்தான் பிறந்தது. கச்சேரி நடந்த அதே நாளில், இங்கே ஆல்ட்ஹைனில், அவள் அம்மாவை அடக்கம் செய்தார்கள். குழிக்குப் பக்கத்தில் லோதார் தனியாக நின்று ஹார்ன் வாசித்தான். தங்கை வருவாள் என்று கடைசிவரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஊரில் சொல்வார்கள்.

இப்போது அவள் வந்திருக்கிறாள். அப்பா ஓட்மார் இருபத்தாறு வருடம் நின்ற மேடையைக் கேட்டு வந்திருக்கிறாள்.

அது சும்மா கிடைக்கிற மேடை இல்லை. ஓட்மார் ஓய்வு பெற்ற பிறகு வந்த இரண்டு பேரை இந்த இசைக்குழு துரத்தியடித்திருக்கிறது. ஒருவர் பாதி ஒத்திகையில் மேலங்கியை மறந்துவிட்டுப் போனவர், அதை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. ஆல்ட்ஹைனில் தலைமை நடத்துநரை நகரசபைதான் நியமிக்கும். ஆனால் வாசிக்கிறவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேட்பாளர் ஒரு கச்சேரி நடத்திக் காட்ட வேண்டும். முடிந்ததும் எழுபத்தாறு பேர் ரகசியமாகச் சீட்டுப் போடுவார்கள். சீட்டு எண்ணுவது வாத்தியக்காரர்கள் கமிட்டியின் தலைவர். அந்தத் தலைவர் யார் என்று சொன்னால் உங்களுக்கே பாவமாக இருக்கும். லோதார்தான்.

உல்ரிக்கேக்கு நாற்பத்திரண்டு வயது. பத்து வருடமாகப் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போய், அடுத்தவர் குழுவை மூன்று நாள் கடன் வாங்கி நடத்திவிட்டுத் திரும்புகிறாள். தன் குழு என்று சொல்ல ஒன்று வேண்டும் அவளுக்கு. இங்கே தோற்றால் பிறகு எங்கேயும் கிடைக்காது. சொந்த ஊர்க்காரர்களே வேண்டாம் என்று தள்ளியவளை எந்த ஊர் கூப்பிடும்?

மேடைக்குப் போகும் வழியில் மாரிட்டா வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். முதல் வயலின்களுக்குத் தலைவி, முப்பது வருட அனுபவம், முகத்தில் எப்போதும் பல்வலி.

“மாரிட்டா, எல்லாம் சரியா இருக்கா?”

“என்னைக் கேக்காதே. நான் உன் பக்கமும் இல்ல, உங்க அண்ணன் பக்கமும் இல்ல.”

“அப்ப யார் பக்கம்?”

“என் வயலின் பக்கம். அது ஒண்ணுதான் இந்தக் கட்டடத்துல பொய் சொல்லாது.” தந்தியை ஒருமுறை சுண்டினாள். “எது நடந்தாலும் நிறுத்தாதே.”

“என்ன நடக்கப் போகுது?”

மாரிட்டா வில்லை எடுத்து அதற்குக் குங்கிலியம் தடவினாள்.

பதினோரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேல்மாடத்தில் இடது ஓர இருக்கையில் ஓட்மார் கைத்தடியை முழங்காலுக்கு இடையில் நட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. ஊரே எழுந்து வணங்கியதற்கு லேசாகத் தலையாட்டினார். மகள் மேடையேறியபோது கைதட்டியவர்களில் அவர் இல்லை.

உல்ரிக்கே கோலை உயர்த்தினாள்.

ஆல்ட்ஹைன் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோல் கீழே வந்து நின்ற பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் அவர்கள் ஒலி எழும். ஓட்மார் பழக்கியது அப்படி. அவசரப்படாத, கனத்த ஒலி. வெளியூர் நடத்துநர்கள் இதில்தான் மூழ்குவார்கள். கோல் போட்டும் சத்தம் வரவில்லையே என்று பதறி இழுத்துப் பிடிப்பார்கள், பிடிக்கப் பிடிக்கக் குழு இன்னும் பின்னால் போகும். உல்ரிக்கே இந்த ஒலிக்குள்ளேயே வளர்ந்தவள். மூன்று நாள் ஒத்திகையிலும் கோலை ஒரு மூச்சு முன்னால் போட்டாள், ஒலி சரியான இடத்தில் வந்து விழுந்தது. அவளுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

கோல் இறங்கியது. கோலோடு கூடவே ஒலி வந்து விழுந்தது.

முதலில் அவள் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். நாலு தாளம் போனதும் புரிந்தது. ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் பாதி வயலின்களும் கோலின் நுனியிலேயே வாசிக்கிறார்கள். மறுபாதிக்குப் பழக்கம் விடவில்லை, அவர்கள் வழக்கப்படி ஒரு மூச்சு பின்னால் வருகிறார்கள். ஒரே சிம்பொனியை இரண்டு குழு துரத்திக்கொண்டு ஓடுகிறது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இந்தச் சதியின் அழகு. கோல் எங்கே விழுகிறதோ அங்கே வாசி என்பதுதான் உலகத்தில் எல்லாக் குழுவுக்கும் சட்டம். நாளைக்கே விசாரணை வைத்தாலும், “நடத்துநர் காட்டினாங்க, நாங்க வாசிச்சோம்” என்று கையை விரித்துவிடலாம்.

அவள் கோலைத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். பின்னால் வருகிறவர்கள் இன்னும் பின்னால் போனார்கள். முன்னால் போட்டாள். முன்னால் இருப்பவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். நடுவில் வேகம் மாறும் இடத்தில் குழலும் வயலினும் வேறு வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். உல்ரிக்கேயின் முதுகில் வியர்வை ஓடியது. லோதார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுங்கான, கவனமான, மரியாதையான பார்வை. அந்த மரியாதைக்காகவே அவனைக் கோலால் குத்தலாம் போலிருந்தது அவளுக்கு.

எப்படியோ இழுத்துப் பிடித்து முதல் பகுதியை முடித்தாள். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். குழுவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பகுதி மெதுவானது. வயலின்கள் தணிந்து தொடங்கும். ஒன்பது தாளம் கழித்து ஹார்ன் தனியாக நுழையும். மற்ற எழுபத்தாறு பேரும் அந்த ஒருவனுக்காக அடங்கி வாசிப்பார்கள். அந்த ஒருவன் லோதார்.

உல்ரிக்கே கோலை இசைத்தாள் பலகை மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டாள்.

வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. கோலோடு வாசிப்பதாகத்தானே பேச்சு? கோல் இல்லையே! மாரிட்டா அவளைப் பார்த்தாள். உல்ரிக்கே மாரிட்டாவைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். மாரிட்டா பல்வலி முகத்தை இன்னும் கொஞ்சம் சுளித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, தோளை அசைத்து வில்லை வைத்தாள்.

எல்லாரும் அவளோடு வைத்தார்கள். வேறு என்ன செய்வது? பார்க்க ஆள் இல்லாவிட்டால் கேட்கத்தான் வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கியதும் பழைய பழக்கம் திரும்பியது. ஆல்ட்ஹைன் ஒலி, அவசரமில்லாமல், தன் இடத்தில் வந்து விழுந்தது.

ஏழு தாளம். எட்டு.

உல்ரிக்கே அண்ணனைப் பார்த்தாள். நுழையச் சொல்லி விரலைக்கூட அசைக்கவில்லை. அவன் நுழையாவிட்டால் சிம்பொனியின் நடுவில் ஓட்டை விழும். பழி முழுக்க அவள் தலையில்தான். காட்டவில்லை, அதனால் வரவில்லை என்று சொன்னால் ஒருவனும் மறுக்க முடியாது. அவன் உதட்டில் ஹார்ன் இருந்தது. கண் அவள் கையில் இருந்தது. கை அசையவில்லை.

அவன் நுழைந்தான்.

அவனைப் பிடிக்காதவர்களும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார்கள். அம்மாவின் குழியருகே இப்படித்தான் வாசித்திருப்பானோ என்று உல்ரிக்கே நினைத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும், அவள்தான் அங்கே இல்லையே. மூன்றாம் பகுதிக்கு அவள் கோலை எடுத்துப் போட்டபோது, ஒலி ஒரு மூச்சு பின்னால், ஒழுங்காக வந்தது.

கச்சேரி முடிந்ததும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. குழு எழுந்திருக்கவில்லை. நடத்துநர் மட்டும் தனியாகக் கைதட்டு வாங்கட்டும் என்று விட்டார்களா, உன்னோடு சேர்ந்து வணங்க மாட்டோம் என்கிறார்களா என்று அவர்கள் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

அவள் உடை மாற்றும் அறைக்குள் ஓட்மார் கதவைத் தட்டாமல் வந்தார். அது இருபத்தாறு வருடம் அவர் அறையாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைப்பு.

“கையை இறக்கிட்ட.”

“ஆமாம்ப்பா.”

“கையைத் தொங்கப் போடறதுக்கு அத்தனை வருஷம் படிப்பு எதுக்கு? டிக்கெட் வாங்கிட்டுக் கீழ உக்காந்திருக்கலாமே.”

“நல்லா வாசிச்சாங்களா இல்லையா?”

“என் குழு. நான் செத்தாலும் வாசிப்பாங்க. நீ முதல் பகுதியிலயே தடுமாறி நின்னுருக்கணும், அந்த வேகம் மாறுற இடத்துல. கணக்குப்படி அங்கதான் உடையணும்.”

உல்ரிக்கே முகம் துடைத்துக்கொண்டிருந்த துண்டை இறக்கினாள்.

“யார் கணக்குப்படி?”

ஓட்மார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“லோதாருக்கு இவ்வளவு மூளை கிடையாதுன்னு எனக்கு முன்னாடியே உறைச்சிருக்கணும்,” என்றாள் அவள். “கோலோட வாசிங்கன்னு சொல்லிக் குடுத்தது நீங்க.”

“அவன் வந்து கேட்டான், சொன்னேன். என்னைத் துரத்தணும்னா எப்படித் துரத்துவாங்கன்னு நான் அந்தக் காலத்துலயே யோசிச்சு வெச்சது. உன்மேல பரீட்சை பண்ணிப் பார்த்தாச்சு.”

“நான் உங்க பொண்ணு.”

“அதனாலதான். நீ நல்லா நடத்தினா ஒரே வருஷத்துல என்னை மறந்துடுவாங்க. மோசமா நடத்தினா ஹென்செல்ங்கிற பேரு நாறும். எப்படிப் பார்த்தாலும் அடி எனக்கு.” கைத்தடியால் தரையைத் தட்டினார். “சீட்டு எண்றதுக்குள்ள நீயே விலகிடு. கௌரவமா இருக்கும். அன்னைக்கு அடக்கத்துக்கு வராதேன்னு சொன்னேன், கேட்ட. என்ன கெட்டுப் போச்சு? பெரிய ஆளானே.”

ஆம். அவர்தான் சொன்னார். இத்தனை வாரமும் நான் உங்களிடம்கூட மறைத்து வைத்தது இதைத்தான், திட்டுவதானால் திட்டுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசியில் அவர் சொன்னார்: “உங்கம்மா எழுந்து வரப்போறதில்ல. ஆஸ்லோ மறுபடி வராது. கச்சேரியை விட்டுட்டு இங்க வந்து நின்னே, என் மூஞ்சியில முழிக்காதே.” உல்ரிக்கே கீழ்ப்படிந்தாள். ஆனால் பாதிதான் கீழ்ப்படிதல். மறுபாதி அவள் ஆசை. அந்த மறுபாதிதான் இத்தனை வருடம் அண்ணனிடம் வாயைத் திறக்கவிடாமல் அவளைக் கட்டிப்போட்டிருந்தது.

“லோதார்கிட்ட ஏன் சொல்லல?”

“அவன் கேக்கல,” என்றார் ஓட்மார். “எனக்குப் பசிக்குது. கான்டீனுக்குப் போலாம்.”

கான்டீனில் உருளைக்கிழங்கு சூப் வாசனையும் எழுபத்தாறு பேரின் இரைச்சலும் இருந்தன. அவள் நுழைந்ததும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. லோதார் எதிரே வந்து நின்றான்.

“சீட்டுப் போட மேல போறோம். அதுக்கு முன்னாடி வேட்பாளர் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். விதி.”

ஒரே வாக்கியம் போதும். ‘என்னை வராதேன்னு சொன்னது அப்பா’. எழுபத்தாறு பேர் முன்னால் போட்டு உடைத்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுப் போடுவார்கள். அந்தப் பரிதாபத்தில் கிடைக்கிற மேடையில் அவளால் ஒரு நாள்கூட நிற்க முடியாது. தவிர, அவள் ஒன்றும் லேசான திமிர்க்காரி இல்லை.

“சொல்ல வேண்டியதை மேடையில சொல்லிட்டேன்,” என்றாள்.

“கையைத் தொங்கப் போட்டா?”

“உனக்குக் கேட்டுச்சு இல்ல? அது போதும்.”

லோதார் தாடையைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அப்பாவும் மகளும் முக்கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்மார் சூப்பைக் குடித்து முடித்து, பாலாடைக்கட்டி கேக்கில் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார். சூப்பில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்.

குழுவினர் இறங்கி வந்தார்கள். லோதார் கையில் ஒரு தாள் இருந்தது.

“வேணும்னு முப்பத்தெட்டு. வேணாம்னு முப்பத்தெட்டு.”

எண்ணுகிறவர் சீட்டுப் போடுவதில்லை. சமமாக வந்தால் மட்டும் அவர் ஓட்டு உண்டு. அதை ரகசியமாகப் போட முடியாது. வேட்பாளரின் முகத்துக்கு நேரே நின்று வாயால் சொல்ல வேண்டும். ஆல்ட்ஹைனில் இது கடைசியாக நடந்து நாற்பது வருடம் இருக்கும்.

“தங்கச்சி விஷயம்ப்பா, நீ ஒதுங்கிக்க,” என்று கிளாரினெட்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“விதியில தங்கச்சின்னு ஒரு வார்த்தையும் எழுதல,” என்றான் லோதார்.

“சொல்லித் தொலைடா,” என்றார் ஓட்மார். மகன் என்ன சொல்வான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஐம்பது வயதாகப் போகிறது, இன்னும் அவரைக் கேட்காமல் அவன் ஒரு காரும் வாங்கியதில்லை.

லோதார் அப்பாவைப் பார்க்கவில்லை. உல்ரிக்கேயைத்தான் பார்த்தான்.

“முதல் பகுதியில உன்னைக் கவுக்கப் பார்த்தோம். ஏற்பாடு என்னோடது. அதுக்கு வருத்தமெல்லாம் இல்ல.”

“நீ வருத்தப்படுவேன்னு நான் எதிர்பார்க்கல.”

“ரெண்டாவது பகுதியில நான் நுழையாம விட்டிருந்தா?”

“ஓட்டை விழுந்திருக்கும்.”

“உன் மானம் போயிருக்கும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் கையைத் தூக்கல?”

“இல்ல.”

அவன் தாளை நாலாக மடித்தான். பிறகு அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் தலையை அசைத்தான்.

“இவர் இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட என்னை நம்பி ஒரு இடத்தை விட்டதில்ல. விரலை நீட்டி, கண்ணை உருட்டி, நாய்க்குச் சொல்ற மாதிரி சொல்லித்தான் நுழைய விடுவார்.” குரலைச் சரி செய்துகொண்டான். “வேணும். என் ஓட்டு, வேணும்.”

யாரோ காலால் தரையைத் தட்டத் தொடங்கினார்கள். இங்கே வாத்தியக்காரர்கள் கைதட்டுவது காலால்தான். இரண்டு, பத்து, முப்பது கால்கள். லோதார் கையை உயர்த்தி அடக்கினான்.

“இருங்க. இவ சந்தோஷப்பட வேணாம்.” ஒரு அடி நெருங்கி வந்தான். “கோல் பிடிக்கிறவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அம்மாவை மண்ணுல வெச்ச அன்னைக்கு வராதவளுக்கு இல்ல. அவளுக்கு நான் அண்ணனும் இல்ல, எதுவும் இல்ல. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை. ஹார்னைப் பத்தி பேசணும்னா பேசு. வேற எதுக்கும் என் பக்கம் திரும்பாதே.”

உல்ரிக்கே அப்பாவைப் பார்த்தாள். எல்லாரும் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். நான்தான் வராதே என்றேன் என்று அவர் வாயிலிருந்து நாலு சொல் வந்தால் போதும்.

ஓட்மார் காலித் தட்டைத் தள்ளினார்.

“இந்தக் கேக் இன்னொரு துண்டு கிடைக்குமா?”

லோதார் திரும்பி நடந்தான். உல்ரிக்கே எழுந்து போய், ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“தலைமை நடத்துநரோட முதல் உத்தரவு. இனிமே ஒத்திகைக்கு நீங்க இந்தக் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது. ரெண்டாவது, செவ்வாய்க்கிழமைக்குள்ள உண்மையை நீங்களே அவன்கிட்ட சொல்லிடணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

ஓட்மார் முள்கரண்டியால் ஒரு விள்ளல் வெட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

“தாராளமா சொல்லு,” என்றார். “பதவி கையில கிடைச்ச மறுநாள், இவ கிழவன் தலையில பழியைப் போடறான்னு நினைப்பானா, நம்புவானா? நீயே யோசிச்சுப் பாரு.”